இரண்டாவது பெனிசிமானி வேண்டாம்

நெயாஃபு, வவாவு தீவு
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பிறகு

ஆக்லாந்து நகரில் சாரம் கட்டும் கம்பெனி நடத்தி, பதினெட்டுப் பேருக்கு வேலை கொடுத்து, நம் ஊர்த் தேவாலயத்துக்குக் கூரையும் போட்டுத் தந்த மரியாதைக்குரிய தம்பி பெனிசிமானிக்கு, உன் மூத்த அக்கா அகானேசி எழுதுவது. ஆண்டவர் தயவில் இன்று காலைவரை இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். உன் மச்சான் சமிசோனிக்கு மூட்டுவலி. பன்றிகளுக்கு ஒரு குறையும் இல்லை. நீ கப்பலில் அனுப்பிய டின் இறைச்சிப் பெட்டி முழுசாக வந்து சேர்ந்தது, துறைமுகத்தில் யாரும் கை வைக்கவில்லை, அதற்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்தோம்.

அக்கா தம்பிக்குக் கடிதம் எழுதினால் உடம்பு, மழை, சபை நிதி, இந்த மூன்றைத் தாண்டக் கூடாது என்பது உனக்கும் தெரியும். நம் வழக்கப்படி உனக்குப் பத்து வயது ஆனதிலிருந்து நாம் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை, ஒரே டிவியைப் பார்த்ததில்லை. நான் வந்தால் நீ எழுந்து போவாய், நீ இருந்தால் நான் வாசலோடு திரும்புவேன். அப்படி மரியாதையாக வாழ்ந்துவிட்டு, இந்த வயதில் உன் சதையைப் பற்றி நான் எழுத வேண்டி வந்திருக்கிறது. அதனால் எழுதாமலே எழுதுகிறேன். நீயும் படிக்காமலே படி.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ மச்சானுக்குப் போன் போட்டாயே, அப்போது அவர் காவா வேர்ச்சாறு குடிக்கும் வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் ஈஸ்டருக்கு முன்னால் காவாச் சட்டிக்குள் விழுந்து எழுந்ததிலிருந்து ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். வட்டத்தில் இருபத்திரண்டு ஆண்கள், அதில் ஒருவர் போதகர் மாஃபி. நான் அவர்களுக்காக அவித்த வள்ளிக்கிழங்குத் தட்டோடு சுவருக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தேன்.

“மச்சான், வெளிநாட்டுல ஒரு கம்பெனி. என்னோட துளி சதை போதுமாம். என்ன மாதிரியே, அச்சு அசலா, இன்னொருத்தன உண்டாக்கித் தரேங்கறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்” என்றாய்.

“உனக்கு எதுக்குய்யா இன்னொரு நீ? இருக்கிற ஒண்ணுக்கே உங்கக்கா தெனமும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டிருக்கா” என்றார் இவர்.

“வெளையாடாத மச்சான். எனக்குன்னு யாரு இருக்கா? இந்தத் தடவ முழங்கால மட்டும் பத்திரமாப் பாத்துக்கிட்டா அவன் ரக்பில நாட்டுக்கே ஆடுவான்.”

அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். துளி சதையை எந்த இடத்திலிருந்து எடுப்பார்கள் என்று விவரிக்க ஆரம்பித்தாய். நான் தட்டைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கிழங்கெல்லாம் பன்றிகளுக்குப் போயிற்று. அன்று காவா வட்டத்துக்குக் கிழங்கு வராத காரணத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த மனுஷனைப் பிடித்து உட்கார வைத்து, “என்ன சங்கதி, எனக்குச் சொல்லக்கூடிய மாதிரி சொல்லுங்க” என்றேன். அவர் தோட்டத்து வாழையைக் காட்டினார். “இதோ பாரு, வாழைக்கன்னு தாய் மரத்துப் பக்கத்துல வருதில்ல, அதே வாழை, அதே பழம். காவாச் செடியும் அப்படித்தான், வெட்டி நட்டா அதே செடி. நாம தின்னறது குடிக்கறது பூரா நகல்தான்டி. உன் தம்பி வாழையாகணும்ங்கறான், அவ்வளவுதான்” என்றார். எனக்கு அப்போதைக்குக் கொஞ்சம் சமாதானமாகத்தான் இருந்தது. பிறகுதான் யோசித்தேன். வாழைக்கு நோய் வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுக்கு வந்தது, எல்லாவற்றுக்கும் வந்தது, ஒரு தார் மிஞ்சவில்லை. நம் அப்பாவுக்குச் சர்க்கரை, உனக்குச் சர்க்கரை, உன் இதயத்துக்குள் போன வருஷம் குழாய் வைத்தார்கள். அதையெல்லாம் ஒன்றுகூட விடாமல் மூட்டை கட்டி ஒரு பச்சைக் குழந்தையிடம் கொடுக்கப் போகிறாயா?

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. போதகர் மாஃபி வெள்ளிக்கிழமை எத்தனை கோப்பை குடித்தாரோ, பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறார். பிரசங்கத்தை முடித்துவிட்டு, “நம் சகோதரன் பெனிசிமானி வீட்டில் எதிர்பார்க்கும் புது வரவுக்காக ஸ்தோத்திரம் பண்ணுவோம்” என்றார். சபை முழுக்க ஆமென். நம் ஊரில் ஆமென் சொல்வதற்கும் விருந்துப் பன்றிக்குக் காலில் கயிறு கட்டுவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பது உனக்குத் தெரியாததா? திங்கட்கிழமை காலையில் மரப்பட்டையை அடித்துத் துணியாக்கும் கொட்டகையில் பெண்கள் எல்லோரும் கூடி, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கென்று பதினைந்து பாகம் நீளத்துக்குத் துணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தகப்பனின் மூத்த அக்கா நான், விசேஷத்தில் எனக்கு மேல் யாரும் கிடையாது. தலைமாட்டு இடம் எனக்கு, சீர்ப் பாய்களில் முதல் பாய் எனக்கு, ஏழு அடுக்கு கேக்கில் உச்சி அடுக்கு எனக்கு. உண்மையைச் சொல்கிறேன் தம்பி, அந்த ஒரு காலைப்பொழுது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. விஷயம் அப்படியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், கேக் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

அதைக் கெடுத்தவள் பக்கத்து வீட்டு சியாலே. அவள் புருஷனும் வெள்ளிக்கிழமை வட்டத்தில் இருந்தவன், அவன் குடிப்பதும் கிடையாது. கட்டையை ஓங்கியவள் அப்படியே நிறுத்தி, “ஆமா, அவன் பெனிசிமானியோட அச்சு அசல்னா, அவனுக்கு மகன் எப்படி ஆவான்? ரெட்டப் பிள்ளைல லேட்டா வந்தவன்னுதான அர்த்தம்?” என்றாள்.

“அதுக்கென்னடி இப்போ?” என்றாள் ஒருத்தி.

“அதுக்கென்னவா? அப்ப அகானேசி அவனுக்கு அத்தை இல்ல. அக்கா!”

கொட்டகையில் பதினோரு கட்டைகளும் நின்றுவிட்டன. யாரோ மூலையிலிருந்து, “அப்ப கேக்கு?” என்றார்கள்.

“அக்காக்காரிக்கு ஏது உச்சி அடுக்கு? அகானேசி அப்பாவோட தங்கச்சி மெலெனைத்தே இன்னும் உசுரோடதான இருக்கா? அவதான் அத்தை. அவளுக்குத்தான்” என்றாள் சியாலே.

மெலெனைத்தே அத்தைக்குத் தொண்ணூற்றொன்று. வாயில் ஒரு பல் இல்லை. அக்கரையிலிருக்கும் அவளுக்கு அன்று மத்தியானத்துக்குள் சேதி போய், சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது, என் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது, கேக்கை மெத்தென்று செய்யுங்கள் என்று. இப்போது கொட்டகை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மகன் கட்சி ஒரு பக்கத்திலிருந்து அடிக்கிறது, தம்பி கட்சி மறு பக்கத்திலிருந்து அடிக்கிறது, நடுவில் துணி கிழிந்துவிட்டது. பிறக்காத பிள்ளைக்கே இந்தப் பாடு, தம்பி. பிறந்தால் என்ன ஆகும்?

நீயே யோசித்துச் சொல். அவன் என் தம்பி மகன் என்றால் நான் மடியில் போட்டுப் பெயர் வைப்பேன். என் தம்பி என்றால் அவனுக்குப் பத்து வயதானதும் நான் அவன் இருக்கும் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. அவன் என் வீட்டுக்கு வந்தால் யார் எழுந்து வெளியே போவது, யார் சாப்பாடு போடுவது? என் பிள்ளைகளுக்கு அவன் மாமாவா, மச்சானா? தாய்மாமன் என்றால் அவர்கள் அவனிடம் எதையும் உரிமையாகக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். மூன்று வயதுக் குழந்தையின் சைக்கிளை என் முப்பது வயது மகன் உரிமையாக ஓட்டிக்கொண்டு போவதை நான் பார்க்க வேண்டுமா? இன்னொன்று. நீ பிறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள், உன் துணியெல்லாம் நான்தான் துவைத்தேன். ஒரு பெனிசிமானிக்குத் துவைத்தது இந்த ஆயுசுக்குப் போதும்.

போதகர் விஷயம் புரிந்ததும் நேரே நம் வீட்டுக்கு வந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். “அகானேசி, இங்க தகப்பன் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. தாய் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. உன் தம்பி சதையிலருந்து வந்தவனுக்கு ரத்தத்துல அப்பா அம்மா யாரு? உங்கப்பா கெலெபியும் உங்கம்மாவும்தான். கெலெபிய நானே அடக்கம் பண்ணி இருபது வருஷம் ஆச்சு. அடக்கம் பண்ணினவருக்குப் பிள்ளை பொறந்துதுன்னு நான் எப்படிம்மா எழுதுவேன்?” என்று கேட்டார். சேம்பிலைப் பொட்டலம் இரண்டு கொடுத்து அனுப்பினேன்.

அவனைச் சுமக்கப் போகும் பெண் யார் என்று நான் கேட்கவில்லை. தம்பியிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி இல்லாமையால் அதற்குச் சம்மதிப்பாள். அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான், அவனும் என்னைப் போலக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

என் கடைசிப் பெண் ஹெய்லாலா இருக்கிறாளே, அவள்தான் இந்தக் கூத்தில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. சில மாதமாகவே வெனிலாக் கொட்டகை வேலை முடிந்து வந்ததும் உடம்பு, ரத்தம், எலும்பு என்று ஏதோ தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் கூப்பிட்டு, “நீ படிச்சவ, இது நடக்குமா நடக்காதா?” என்றேன்.

“அம்மா, ஆட்டுல செஞ்சாங்க. இருநூறு தடவைக்கு மேல முயற்சி பண்ணி ஒரே ஒரு குட்டி பொழைச்சுது. மனுசங்கள்ல செஞ்சதா யாரும் இன்னும் நிரூபிக்கல. மாமாகிட்ட அந்தக் கம்பெனிக்காரன் ரீல் விடறான்.”

“சரி, பொய்யினா தொலையட்டும். நெசமாவே செஞ்சுட்டா?”

“நெசமா செஞ்சா இன்னும் மோசம். ஒண்ணு பொழைக்கறதுக்கு முன்னாடி எத்தன போகும், எத்தன கொறையோட பொறக்கும்? அதெல்லாம் யாரு கணக்கு? சரி, ஒருத்தன் நல்லாவே பொறந்துட்டான்னே வெச்சுக்க. அஞ்சு வயசுலயே அவனுக்கு முப்பதுல வழுக்கை விழும்னு தெரியும், நாப்பத்தேழுல நெஞ்சு வலிக்கும்னு தெரியும். பந்தத் தொட்டா மாமா மாதிரின்னுவீங்க, தொடலன்னா மாமா மாதிரி இல்லையேன்னுவீங்க. அவனா ஒரு நாள் இருக்க விடுவீங்களா? மாமா போன்ல என்ன சொன்னாரு? ‘இந்தத் தடவ’ன்னாரு. அந்தப் பையனுக்கு அதுதாம்மா மொதத் தடவ!”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நேற்று ராத்திரியிலிருந்து தின்றுகொண்டிருக்கிறேன். ரக்பியில் உன் முழங்கால் போனபோது நீ அழுததை அடுத்த வீட்டிலிருந்து கேட்டவள் நான். உள்ளே வந்து உன் தலையைத் தொட எனக்கு உரிமை இல்லை, அதனால் வேலிப்பக்கம் நின்று நானும் அழுதேன். அந்த முழங்காலை மறுபடி வாங்குவதற்காக ஒரு பிள்ளையை உண்டாக்காதே. பிள்ளை என்பது விட்ட ஆட்டத்தைத் திரும்ப ஆடுவதற்கான மைதானம் இல்லை.

இவ்வளவு எழுதியும் எழுத வேண்டியதை நான் இன்னும் எழுதவில்லை. பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டேன். “எனக்குன்னு யாரு இருக்கா” என்று நீ போனில் சொன்னாயே, அது ஊருக்கெல்லாம் சாதாரணமாகக் கேட்டிருக்கும். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

ஹெய்லாலா என் வயிற்றில் இருந்தபோது, இது உங்களுக்குத்தான் என்று உன் மனைவி லெசியெலியிடம் நான் வாக்குக் கொடுத்தேன். பிள்ளையில்லாத கூடப்பிறந்தவனுக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது நம் ஊரில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அம்மாவே தன் மூன்றாவதைச் சித்தி வீட்டில்தான் கொடுத்தாள். நீங்கள் இருவரும் கப்பலில் தொட்டிலோடு வந்தீர்கள். லெசியெலி மஞ்சள் துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்து வந்திருந்தாள். நான் குழந்தையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பால்குடி மறக்கட்டும் என்றேன். அடுத்த வருஷம் வந்தீர்கள், பேச்சு வரட்டும் என்றேன். அதற்கடுத்த வருஷம் பள்ளிக்கூடம் என்றேன். அதன்பிறகு நீங்கள் தொட்டிலைக் கொண்டுவரவில்லை. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவிடம் தம்பி கேட்க மாட்டான், அக்கா சொன்னதுதான் சட்டம். அந்த மரியாதைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். லெசியெலி போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் அடக்கத்தன்றும் நான் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன், முதல் பாயும் எனக்குத்தான் வந்தது, வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். நீ இப்போது கம்பெனிக்காரனிடம் பிள்ளை கேட்கிறாய் என்றால், அதற்கு முன்னால் நான் கொடுக்காமல் போனதுதான் காரணம். மன்னித்துவிடு என்று எழுதினால் நீ எழுந்து அறையைவிட்டுப் போய்விடுவாய், ஆனாலும் எழுதிவிட்டேன்.

அதற்காக இப்போது அவளை அனுப்புகிறேன் என்று நினைத்துவிடாதே. அதை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். இருபத்தொரு வருஷம் வளர்த்துவிட்டேன், அவள் இல்லாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். நீ அந்தச் சதையை அனுப்பாமல், வருகிற சபை நிதிப் பண்டிகைக்கு இங்கே வா. தெருவில் ஓடுகிற பிள்ளைகளில் எத்தனை பேர் உன்னை மாமா, பெரியப்பா, தாத்தா என்று கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார். அதற்குமேல் என்னிடம் கேட்காதே. கேட்க மாட்டாய், தெரியும்.

உன் சாரங்கள் காற்றில் சாயாமல் இருக்கட்டும். உன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கட்டும், உன் இதயத்துக்குள் இருக்கும் குழாய் உன் அக்காவைவிட நீண்ட நாள் உழைக்கட்டும். ஆண்டவர் உன்னை ஒரே ஒரு தடவைதான் செய்தார், அவர் வேலை திருத்தமாக இருக்கும், திரும்பச் செய்யச் சொல்லாதே.

மரியாதையுடன், வாசலுக்கு வெளியே நின்றபடி,
உன் அக்கா
அகானேசி

பி.கு.: கடிதத்தை ஒட்டி, தபாலில் போடச் சொல்லி ஹெய்லாலாவிடம் கொடுத்தேன். அவள் என் முன்னாலேயே பிரித்து, உட்கார்ந்து, முழுசாகப் படித்தாள். நான் தடுக்கவில்லை. படித்து முடித்து, “ஏம்மா, இருபத்தொரு வருஷமா நான் யாரு பிள்ளைன்னு நீங்க ரெண்டு பேரும் கேக்காமலும் சொல்லாமலும் இருந்தீங்களே, எங்கிட்ட கேக்கணும்னு ஒருத்தருக்குமா தோணல?” என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். ஆக்லாந்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவும் வந்து, மூன்று மாதமாக எனக்குச் சொல்லப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். விடுதியில் தங்குவதாக ஏற்பாடாம். “இனிமே விடுதி எதுக்கு? மாமா வீட்டுக்கே போறேன். நீ கொடுத்து நான் போகல. நானாப் போறேன்” என்றாள். ஆகையால் மேலே அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருக்கும் இடத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். துணி அடிக்கும் கட்சிகள் இரண்டுக்கும் சேதி சொல்லி, பன்றியின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். மெலெனைத்தே அத்தைக்கு மட்டும் ஒரு கேக் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அவள் விட மாட்டாள்.

அவள் உன் மாதிரி ஒரு துளிகூட இல்லை. பந்தைக் கண்டால் குனிந்துகொள்வாள், பாட்டு வராது, காலையில் எழுப்ப முடியாது. ஆனால் அக்கா மகள், தாய்மாமனிடம் எதைக் கேட்டாலும் நீ கொடுத்தாக வேண்டும், அதனால் கார் சாவியை இப்போதே ஒளித்து வை. அக்காவோடு உட்கார்ந்து சிரிக்க உனக்கு வழக்கம் இல்லை. அக்கா மகளோடு சிரிக்கலாம், கிண்டல் செய்யலாம், ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். நாம் சிரிக்காமல் விட்டதையும் சேர்த்து அவளோடு சிரி.

இந்தக் கடிதத்தைத் தபால்காரன் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவள் உன் வாசலில்தான் நிற்கிறாள், அங்கே எப்போதும் மழைதானே. படித்தது போதும், அவளை உள்ளே கூப்பிடு. பெட்டியை நீ தூக்காதே, கனம். துணிக்கு அடியில் லெசியெலி தைத்த மஞ்சள் சட்டை இருக்கிறது, அதை மட்டும் நீ எடுத்துக்கொள்.